நரம்பு இழுக்குது, நரம்பு கட்டாச்சு, நரம்புல ஊசி: இதில் எது உண்மையான நரம்பு?

குலசேகரம்_தோட்டம்:
ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் பாதிப்பேர் ஒரே பேச்சுதான் சொல்லுவாவ: "நரம்புக் கோளாறு". ஒருத்தருக்கு ராத்திரி கை மரத்து முழிப்பு தட்டுது. இன்னொருத்தருக்குப் பெருவிரலை மடக்கினால் மணிக்கட்டு ஓரத்தில் சுரீர்னு வலி. வேறொருத்தருக்குக் கெண்டைக்காலில் நீலமாகப் புடைச்சுக் கிடக்கு. மூணு பேருக்கும் ஒரே நரம்பு மாத்திரை, ஒரே தைலம். மூணும் ஒண்ணுதானா? நரம்பு மண்டலம் அடிப்படையில் எப்படி இருக்கு, எந்த இடத்தில் கெட்டால் எப்படித் தெரியும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்க. பாடப்புத்தகப் படம் வேண்டாம், கையையே நீட்டிப் பார்த்துப் புரிகிற மாதிரி வேணும்.

தோவாளை_டீச்சர்:
தம்பி, மூன்றும் வேறு வேறு. 'நரம்பு' என்ற ஒரே சொல்லைத் தமிழில் மூன்று பொருளுக்கு வைத்துப் புழங்குகிறோம், குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கெண்டைக்காலில் நீலமாகப் புடைப்பது சிரை. இதயத்துக்கு ரத்தம் திரும்பிப் போகும் குழாய். 'நரம்புல ஊசி' என்று ஆஸ்பத்திரியில் போடுவதும் இந்தச் சிரையில்தான். பெருவிரலை மடக்கும்போது வலிப்பது தசைநாண். தசையை எலும்போடு கட்டி இழுக்கும் கயிறு அது. முஷ்டியை இறுக்கி மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கினால் தோலுக்கடியில் எழும்பி நிற்பதும் அதுவே. ராத்திரி கை மரத்துப்போகிறவருக்கு மட்டும்தான் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

உண்மையான நரம்பு வெளியே தெரியாது. வெளுத்த மஞ்சள் நிறத்தில், உள்ளே ஆயிரக்கணக்கான இழைகளைக் கட்டாகக் கட்டி உறை போட்ட வடம் அது. உடம்பிலேயே தடித்தது இடுப்பிலிருந்து தொடைப் பின்புறமாக இறங்கும் நரம்பு, கட்டைவிரல் பருமன் இருக்கும். கையால் தொட்டுப் பார்க்கிற நரம்பும் உண்டு. முழங்கையின் உள்பக்கத்து எலும்பு முண்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம். அங்கே விரலை வைத்து உருட்டினால் வழுக்கும் நூல் மாதிரி ஒன்று அகப்படும். கதவில் இடித்தால் சுண்டுவிரல் வரை 'ஷாக்' அடிக்குமே, அதுதான்.

மொத்த அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்டைக்குள் மூளை, ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ. அதன் தொடர்ச்சியாக முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடம், சுமார் 45 செ.மீ. இரண்டும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 இணை கபால நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் கிளம்புகின்றன. அந்த 31: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, வால் எலும்பில் 1. தோலுக்கும் தசைக்கும் போய்ச் சேரும் இவை புறநரம்புகள். நம் விருப்பத்தைக் கேட்காமலே இதயத்தையும் குடலையும் வியர்வையையும் நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். கால் பெருவிரலை அசைக்கும் நரம்பு செல்லின் உடல் நடுமுதுகுக்குக் கீழே, தண்டுவடத்துக்குள் இருக்கிறது. அதன் வால் தொடை, முழங்கால் எல்லாம் தாண்டிப் பாதம் வரை ஒரே இழையாகப் போகிறது. ஒரே செல், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம்.

தக்கலை_பிசியோ:
டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு கைக்கு வாறேன். கை மரத்தால் முதல் கேள்வி, எந்த விரல்?

பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் நடு நரம்பு. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறு பாதியும் என்றால் முழங்கைப் பள்ளத்தில் ஓடுகிற நரம்பு. மோதிர விரலைத்தான் கவனமாகப் பார்க்கணும். ஒரு பஞ்சுத் திரியை எடுத்து விரலின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தொடுங்க. நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு பக்கம் உணர்வு இருந்து மறு பக்கம் மந்தமாக இருந்தால், கோளாறு கையிலுள்ள நரம்பில். விரல் முழுக்க ஒரே மாதிரி மந்தம் என்றால் கழுத்தெலும்புப் பக்கம் வேர் அழுந்துதா என்று யோசிக்கணும்.

வெட்டுக்காரர்களுக்கு அதிகம் பாதிக்கிறது நடு நரம்பு. மணிக்கட்டில் ஒரு சுரங்கம் இருக்கு. தரையும் சுவரும் எலும்பு, கூரை தடித்த தசைநார்ப் பட்டை. விரலை மடக்கும் 9 தசைநாண்களும் இந்த ஒரே ஒரு நரம்பும் அதற்குள்ளே நெருக்கிக்கொண்டு போகுது. விடியுமுன்னே தொடங்கி ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மரத்துக்குக் கத்தியை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை வளைத்து இழுக்கும்போது தசைநாண் உறை வீங்கும். எலும்பும் பட்டையும் விரியாது. அழுத்தம் முழுக்க நரம்பு மேலே விழும். ராத்திரி மணிக்கட்டு மடங்கித் தூங்கும்போது இன்னும் நெருக்கும், அதனால்தான் முழிப்பு. கையை உதறினால் குறைகிறது என்று சொன்னால் பெரும்பாலும் இதுதான்.

வீட்டிலேயே பார்க்க: இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க, 60 வினாடி வைத்திருங்க. அதற்குள் அந்த மூன்றரை விரல் கிச்சுக்கிச்சுன்னு மரத்தால் சந்தேகம் பலமாகுது. உள்ளங்கைத் தோல் மட்டும் மரக்காது, ஏனென்றால் அதற்குப் போகும் கிளை சுரங்கத்துக்கு வெளியேயே பிரிந்துவிடுகிறது. உள்ளங்கையும் சேர்ந்து மரத்தால் இடம் வேறு.

குளச்சல்_கரை:
வலை இழுக்கிறவங்களுக்குச் சுண்டுவிரல் பக்கம் மரக்கிறது இப்போ விளங்குது. டீச்சருக்கு ஒரு கேள்வி. நரம்பில் 'கரண்ட்' ஓடுதுன்னு சொல்லுறாவளே, அது கம்பியில் ஓடுற மின்சாரம் மாதிரியா?

தோவாளை_டீச்சர்:
இல்லை. கம்பியில் எலக்ட்ரான் ஓடும். நரம்பில் எதுவும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடுவதில்லை. செங்கல்லை வரிசையாகக் குத்தவைத்து முதல் கல்லைத் தட்டினால் கடைசிக் கல் வரை விழுமே, அந்த மாதிரி மாற்றம்தான் நகர்கிறது. கல் அதனதன் இடத்திலேயே விழுகிறது.

நரம்பு இழை சும்மா இருக்கும்போது வெளியைவிட உள்ளே சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு, அதாவது −70. இதைக் காப்பாற்ற ஒரு பம்பு ஓயாமல் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. தூண்டல் வந்து அந்த அளவு சுமார் −55-ஐத் தொட்டதும் சோடியக் கதவுகள் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், உள்பக்கம் நேர்மின்னாக மாறும். ஒரு மில்லி வினாடி அளவில் பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்பிவிடும். −55-ஐ எட்டவில்லை என்றால் ஒன்றும் நடக்காது. பாதி துடிப்பு, கால் துடிப்பு என்று கிடையாது. வலி கூடுதலா குறைவா என்பதை மூளை எண்ணிக்கையை வைத்துத்தான் அறிகிறது: ஒரு வினாடிக்கு எத்தனை துடிப்பு, எத்தனை இழைகளில்.

வேகம் உறையைப் பொறுத்தது. மையலின் என்ற கொழுப்பு உறை தடிப்பாகப் போர்த்திய இழையில் துடிப்பு உறையின் இடைவெளிக் கணுவுக்குக் கணு தாவும், வினாடிக்கு 70 முதல் 120 மீட்டர் வரை. உறையில்லாத மெல்லிய வலி இழையில் வினாடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம். கால் விரலைக் கல்லில் இடித்துப் பாருங்கள். இடித்தது உடனே தெரியும், கூர்மையான குத்தல் அதை ஒட்டியே வரும். ஏறக்குறைய ஒரு வினாடி கழித்துத்தான் அந்த எரியும் கனத்த வலி வந்து சேரும். பிள்ளை விழுந்தால் அம்மா தேய்த்துவிடுவதில் பொருள் இருக்கிறது. தேய்க்கும் தொடுவுணர்வு வேகமான இழையில் போய்த் தண்டுவடத்தில் வலிச் செய்தியின் வாசலைச் சாத்துகிறது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் முன்வைத்த விளக்கம் இது. பிற்பாடு நுணுக்கங்கள் மாறினாலும் அடிப்படை நிற்கிறது.

சினாப்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு செல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நூலிழையிலும் மெல்லிய இடைவெளி. அங்கே மின்துடிப்பு நின்றுபோகும், ரசாயனம் கடந்துபோய் அடுத்த செல்லைத் தட்டும். நரம்பைத் தாக்கும் நஞ்சுகளில் பல அந்த இடத்தில்தான் கைவைக்கின்றன.

குளச்சல்_கரை:
அப்போ பேத்தை மீன், ஊதிப் புடைக்கிற நஞ்சு மீன், அதுவும் அங்கேதானா?

குழித்துறை_நர்ஸ்:
பேத்தை மீன் நஞ்சு சினாப்ஸில் இல்லை, டீச்சர் சொன்ன சோடியக் கதவிலேயே வேலை செய்யும். கதவை வெளியிலிருந்து அடைத்துவிடும், துடிப்பு கிளம்பவே கிளம்பாது. ஈரலிலும் சினையிலும் அதிகம். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. முதலில் உதடும் நாக்கும் மரக்கும், பிறகு கைகால் தளரும், கடைசியில் மூச்சுத் தசை. மாற்று மருந்து கிடையாது. நஞ்சு கழியும்வரை மெஷின் மூச்சு கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். பல் டாக்டர் போடுகிற மரப்பு ஊசியும் சோடியக் கதவைத்தான் அடைக்கிறது. ஆனால் போட்ட இடத்தில் மட்டும், கொஞ்ச நேரத்துக்கு.

பாம்புக்கும் பூச்சிமருந்துக்கும்தான் சினாப்ஸ் கணக்கு. கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே இருக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி, அதோடு இமை தூக்க முடியாமல் தொங்குவது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கடித்ததைப் பார்க்காவிட்டாலும் பாம்பு என்றே எடுத்துக்கொண்டு கிளம்பணும். அதன் விஷம் நரம்பு முடிகிற இடத்தில் இருக்கும் ரசாயனப் பைகளையும் முனையையுமே அழித்துவிடுகிறது. புது முனை வளர நாட்கள் ஆகும், அதனால் விஷமுறிவு போட்ட பிறகும் வென்டிலேட்டரில் பல நாள் கிடப்பார்கள். நல்லபாம்பு விஷம் மறுகரையில், தசைப் பக்கத்தில் ரசாயனத்தை வாங்கும் இடத்தில் போய் உட்காரும். அங்கே ரசாயனத்தின் அளவைக் கூட்டினால் விஷத்தைத் தள்ளிவிட முடியும் என்பதால் நியோஸ்டிக்மின் ஊசி கைகொடுக்கும். இறுக்கிக் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள். அசையாமல் படுக்கவைத்துத் தூக்கிப்போங்கள். கண் திறக்கவில்லை, கை அசையவில்லை என்று பார்த்து உயிர் போய்விட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. விஷம் பூட்டியது தசையை, மூளை விழித்திருக்கும், பேசுவது காதில் விழும்.

வாழைக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்கு இதற்கு நேர் எதிர். சினாப்ஸில் வேலை முடிந்த அசெட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் துடைத்தெடுக்கும் நொதியை அந்த மருந்துகளில் பல முடக்கிவிடும். தட்டுவது நிற்காது. வாயில் எச்சில், வியர்வை, கண்மணி ஊசிமுனை அளவு, நெஞ்சில் சளி நிறைந்த சத்தம், தானே மலம் போவது, தசை துடிப்பது. சட்டையை உடனே கழற்றி, சோப்புத் தண்ணீரில் உடம்பைக் கழுவி, கழுவுகிறவரும் கையுறை போட்டு, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு போகணும். ஆஸ்பத்திரியில் போடும் அட்ரோபின் ஊசி சளியையும் எச்சிலையும் நிறுத்தும், தசைத் தளர்ச்சியை நிறுத்தாது. அதனால் தெளிந்துவிட்டார் என்று மறுநாளே வீட்டுக்குக் கூட்டிப் போனால் ஆபத்து. 1 முதல் 4 நாளுக்குள் கழுத்தும் மூச்சுத் தசையும் திடீரென்று தளர்ந்துபோகலாம். 'தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்' என்று அடிக்கடி சொல்லிப் பார்ப்பது அதற்காகத்தான்.

ஈஎம்ஜி_டெக்னீசியன்:
கை மரப்புக்கு 'நரம்பு டெஸ்ட்' எழுதிக் கொடுத்தால் நடப்பது இது. தோல் மேல் சிறு மின்முனை வைத்து லேசான ஷாக் கொடுத்து, மறுமுனையில் துடிப்பு எப்போது, எவ்வளவு பெரிதாக வந்து சேருகிறது என்று அளப்பார்கள். கையில் வேகம் வினாடிக்கு 50 மீட்டருக்குக் குறையக் கூடாது, காலில் 40-க்கு. வேகம் மட்டும் குறைந்தால் உறை கெட்டிருக்கிறது. வேகம் ஓரளவு சரி, ஆனால் வந்து சேரும் அலை சிறுத்துவிட்டது என்றால் உள்ளிழையே செத்திருக்கிறது. உறை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் திரும்பும். இழைக்கு நாள் அதிகம்.

போகிறவர்கள் கவனிக்க: கையில் எண்ணெய், தைலம், கிரீம் பூசிக்கொண்டு போகாதீர்கள், மின்முனை ஒட்டாது. கை குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் ஏறக்குறைய 2 மீட்டர் குறைந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். அறை ஏசி குளிராக இருந்தால் கையைச் சூடுபடுத்தச் சொல்லிக் கேளுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும். அடிபட்ட மறுநாளே தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் டெஸ்டை அவசரப்பட்டு எடுப்பதிலும் பயனில்லை. தசைக்கு நரம்பு அறுந்ததற்கான அடையாளம் ஊசியில் தெரிய சுமார் 3 வாரம் ஆகும்.

வேளிமலை_வாசகர்:
இவ்வளவு எதற்கு? நரம்பு ஊசி பத்து போட்டால் சரியாகிவிடும் என்றுதானே எல்லாரும் போடுகிறார்கள். அனேகம் பேருக்குக் குறையவும் செய்யுதே.

தக்கலை_பிசியோ:
அண்ணே, அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் வைட்டமின் பி12, பி1, பி6. பி12 குறைந்தவருக்கு அது உயிர்மருந்துதான், மறுக்கவில்லை. முழுச் சைவம் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மெட்பார்மின் பல வருஷமாக எடுக்கிறவர்கள், வயிற்று ஆபரேஷன் ஆனவர்கள், இவர்களுக்குக் குறையும். ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் தண்டுவடத்தின் பின்பகுதி கெடலாம். 'என் கால் எங்கே இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்கிற பாதை அது. கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தால் சரியாக நடப்பார். முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிந்தால் தள்ளாடுவார். அந்த அறிகுறி தெரிந்தால் தாமதிக்காமல் ரத்தம் சோதித்து ஊசி போடணும், நாள் போனால் முழுசாகத் திரும்பாது.

மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நசுங்கிக் கிடப்பவருக்கு அதே ஊசி என்ன செய்யும்? நசுக்கு அப்படியே இருக்கும். கை ஓய்வெடுத்த நாட்களில் தானாகக் குறைந்ததை ஊசி குறைத்தது என்று நினைப்போம். பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்காக விழுங்கினால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும், பாதம் மரக்கும். நரம்பு மாத்திரையாலேயே நரம்பு கெடுகிறது.

குலசேகரம்_தோட்டம்:
வெட்டுக்கத்தி தவறிக் கை கிழிந்தால் 'நரம்பு கட்டாயிட்டு' என்று சொல்லுறாவ. அதையும் விளக்கிவிடுங்க.

குழித்துறை_நர்ஸ்:
இங்கேயும் அந்த மூன்று பொருள்தான். ரத்தம் கொட்டினால் ரத்தக்குழாய். விரல் மடங்கவில்லை, நீளவில்லை என்றால் தசைநாண். விரல் மடங்குகிறது, ஆனால் நுனியில் தொட்டால் தெரியவில்லை என்றால் நரம்பு. ஒவ்வொரு விரலிலும் உள்ளங்கைப் பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு நரம்பு போகிறது. அதனால் நுனியின் இடது ஓரம், வலது ஓரம் இரண்டையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்கணும். மரப்பு ஊசி போடுவதற்கு முன்னாலேயே பார்க்கணும். ஊசி போட்ட பிறகு எல்லாமே மரத்திருக்கும், அறுந்தது தெரியாமல் மேல் தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட வாய்ப்பு. தையல் போடும் இடத்தில் "நுனி மரத்திருக்கு" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அறுந்த நரம்பைச் சில நாட்களுக்குள் நுண்ணோக்கி வைத்துத் தைத்தால் இழை வளரும், ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டில் அறுந்து விரல் நுனிக்கு 18 செ.மீ. என்றால் கணக்குப்படி ஆறு மாதம். தசைக்குப் போகும் நரம்பானால் ஒரு கெடு உண்டு. 12 முதல் 18 மாதத்துக்குள் இழை வந்து சேராவிட்டால் தசை நாராகிவிடும், அதன்பிறகு நரம்பு வந்தும் பயனில்லை. காத்திருக்கும் காலத்தில் மரத்த விரலைச் சூடான சிரட்டைத் தீயிலும் அடுப்பிலும் படாமல் பார்த்துக்கொள்ளணும். சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

பனையேறி_பேரன்:
பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவரைத் தூக்கும்போது என்ன செய்யணும், ஏன் என்று சொல்லுங்க. எங்க பக்கம் இரண்டு பேர் நடுவில் உட்காரவைத்து பைக்கில்தான் கொண்டுபோவாவ.

குழித்துறை_நர்ஸ்:
அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். காரணம் இது. உயரத்திலிருந்து பிட்டத்திலோ குதிகாலிலோ விழுந்தால் அதிர்ச்சி மேலேறி, விறைப்பான மார்பு முதுகும் வளையும் இடுப்பு முதுகும் சேரும் இடத்தில் எலும்பை நொறுக்கும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முடிவதும் அந்தப் பகுதியில்தான். எலும்பு உடைந்தும் தண்டுவடம் தப்பித்திருக்கலாம். பைக்கில் உட்காரவைக்கும்போது உடம்பு முன்னால் மடங்கி, உடைந்த சில்லு பின்னால் போய் அதை அழுத்தும். விழுந்த இடத்தில் அசைந்த கால் ஆஸ்பத்திரி வாசலில் அசையாமல் போவது அப்படித்தான்.

அசைக்காமல் முதலில் கேளுங்கள்: பாதம் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா, கழுத்து வலிக்கிறதா? கால் விரல் அசைந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், டாக்டருக்கு அது முக்கியத் தகவல். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபத்தான இடத்தில் கிடந்தால் ஒழிய நகர்த்த வேண்டாம். நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் குறைந்தது 4 பேர். ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் தலையையும் தோளையும் சேர்த்துப் பிடிப்பார். எண்ணிக்கை சொல்வது அவர்தான். மற்ற மூவரும் தோள், இடுப்பு, முழங்கால் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொன்னதும் உடம்பை மரத்தடி உருட்டுவது மாதிரி ஒரே வாட்டமாகத் திருப்பி, அகலப் பலகையையோ கதவையோ அடியில் நுழைத்து மறுபடி மல்லாத்தணும். கயிற்றுக்கட்டிலும் போர்வைத் தொட்டிலும் நடுவில் தொய்யும், வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு உயரத்தில் தண்டுவடம் கெட்டதோ அதைப் பொறுத்தே பாதிப்பு. இடுப்புக்கு மேலே என்றால் இரண்டு காலும். கழுத்தின் கீழ்ப்பகுதி என்றால் கையும் சேர்ந்து. கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகள் உதரவிதானத்தை நடத்துவதால் அதற்கு மேலே அறுந்தால் தானாக மூச்சு விட முடியாது. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் நாடியையும் பாருங்கள். ரத்தம் போனவருக்கு நாடி வேகமாக ஓடும். மேல்முதுகில் தண்டுவடம் அடிபட்டவருக்கு அழுத்தமும் குறையும், நாடியும் மெதுவாகும், கைகால் சூடாகவே இருக்கும். ரத்தக்குழாயை இறுக்கிவைக்கும் பரிவு நரம்புகளின் தொடர்பு அறுந்து அது தளர்ந்துபோனதுதான் காரணம். ஆனால் விழுந்தவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், உள்ளே ரத்தம் போகவில்லை என்று உறுதியாகும்வரை டாக்டர் தேடிக்கொண்டே இருப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு விஷயம் ஆளைக் கொல்லும்: படுக்கைப்புண், சிறுநீர். இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கணும், ராத்திரியும்தான். சிறுநீர்ப்பை நிறைந்தது அவருக்குத் தெரியாது. சொட்டுச் சொட்டாகப் போவதைப் பார்த்து 'போகிறதே' என்று விட்டுவிடக் கூடாது. அது நிரம்பி வழிவது. உள்ளே தேங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இன்னொன்று, விழாதவர்களுக்கும் பொருந்தும். தண்டுவடத்துக்குக் கீழே நரம்புகள் குதிரைவால் மாதிரி கற்றையாகத் தொங்குகின்றன. முதுகுவலிக்காரருக்குத் திடீரென்று சைக்கிள் சீட் படும் இடம் மரத்து, சிறுநீர் வராமல் நின்றால் அந்தக் கற்றை நசுங்குகிறது. எண்ணெய்க் கிழி, தடவல் என்று ஒரு நாளைக்கூட வீணாக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

வர்ம_மாணவன்:
தடவல் என்றதும் ஒரு சந்தேகம். நம்ம கன்னியாகுமரி ஜில்லாவில் வர்மப் புள்ளிகள், அதாவது அடிபட்டால் ஆபத்தான இடங்கள், 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108 என்று படிக்கிறோம். இவை எல்லாம் நரம்பு மையங்கள்தானா?

தோவாளை_டீச்சர்:
எல்லாம் நரம்பு என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது, தம்பி. சில இடங்களில் நரம்பு தோலுக்கு அடியிலேயே எலும்பு மேல் ஓடுகிறது, பாதுகாப்பு கிடையாது. முழங்கை உள்பள்ளம் ஒன்று, முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே உருண்டை எலும்பின் கழுத்து இன்னொன்று. அங்கே அடித்தால் நரம்புதான் வாங்கும். கழுத்துப் பக்கத்தில் தமனி பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் உணரி இருக்கிறது. அடிபட்டால் மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு சட்டென்று குறைந்து ஆள் மயங்கலாம், அங்கே தமனியும் கிழியலாம். வேறு சில இடங்களில் ரத்தக்குழாய், மூட்டு, உள்ளுறுப்பு. ஒவ்வொரு புள்ளியையும் உடற்கூறோடு ஒப்பிட்டுப் படியுங்கள், அந்தப் பாடத்துக்கே வலு கூடும்.

தக்கலை_பிசியோ:
டீச்சர் சொன்ன அந்த முழங்கால் வெளிப்பக்க நரம்புக்கு நம்ம ஊர்க் காரணம் ஒன்று உண்டு. தோவாளையில் பூக்கட்டுகிறவர்கள் சம்மணம் போட்டு மணிக்கணக்காக இருப்பார்கள், முந்திரி ஆலையிலும் தரையில் குந்தியே வேலை. ஒரு காலின் வெளிப்பக்கம் மறு கால் மேலோ தரை மேலோ அழுந்தினால் எழும்பும்போது பாதம் தொங்கும், முன்பாதத்தைத் தூக்க முடியாது, செருப்பு நழுவும். பெரும்பாலும் உறை நசுங்கியதுதான், சில வாரத்தில் திரும்பும். அதுவரை பாதம் தொங்காமல் தாங்கி போடணும். அரைமணிக்கு ஒரு தடவை கால் மாற்றி நீட்டினால் இந்தப் பாடே வராது.

மார்த்தாண்டம்_அக்கா:
மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தின்றால் நரம்பு கெடும் என்று ஒருத்தர் சொன்னாரே?

தோவாளை_டீச்சர்:
பயப்படாதீர்கள் அக்கா. மரச்சீனியில் சயனைடு தரும் பொருள் உண்டு, கசப்பு வகையில் கூடுதல். ஆப்பிரிக்காவில் பஞ்ச காலங்களில் கசப்புக் கிழங்கைச் சரியாகப் பதப்படுத்தாமல், புரதமும் இல்லாமல் அதையே தின்றவர்களுக்கு இரண்டு காலும் விறைத்துப்போகும் நோய் வந்தது, கொன்சோ என்று பெயர். நாம் தோலுரித்து, நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோம், மீன்கறியோடு தின்கிறோம். மீனிலுள்ள கந்தக அமினோ அமிலம் மிச்ச சயனைடை மாற்றி வெளியேற்ற உதவுகிறது. வடிக்காமல் அந்தத் தண்ணீரிலேயே வற்றவிடுவது மட்டும் வேண்டாம்.

குழித்துறை_நர்ஸ்:
இரண்டு அவசரத்தையும் சேர்த்துவிடுகிறேன். முகம் ஒருபக்கம் கோணினால் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றியும் சுருங்கவில்லை, கண்ணும் மூடவில்லை என்றால் பெரும்பாலும் முக நரம்பு. 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கணும், கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை ஒட்டணும். நெற்றி சுருங்குகிறது, வாய் மட்டும் கோணியிருக்கிறது, அந்தப் பக்கத்துக் கையும் தளர்ந்து பேச்சு குழறுகிறது என்றால் மூளை. நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் இணைப்பு இருப்பதால் ஒரு பக்கம் அடைபட்டாலும் அது பிழைக்கிறது. வீட்டில் பிரித்தறிய முடியாவிட்டால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான், ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. சி.டி. ஸ்கேன் இருக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள். வழியில் மாத்திரை, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கும்.

சர்க்கரைக்காரர்களுக்கு நீளமான நரம்பு முதலில் கெடும், அதனால் பாதத்தில்தான் தொடங்கும், இரண்டு காலிலும் ஒரே மாதிரி. மரப்பு முழங்கால் அளவுக்கு ஏறிய பிறகே கைவிரலுக்கு வரும். மத்தியானம் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு சுற்றிவந்தால் வெந்தது தெரியாது. காலையிலேயே கும்பிட்டு வாருங்கள், ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். ஒரு கையில் மட்டும் மரப்பு, அதோடு வெளிறிய உணர்வற்ற தேமல், முழங்கைப் பள்ளத்து நரம்பு தடித்துக் கயிறு மாதிரி தட்டுப்படுகிறது என்றால் தொழுநோய்க்குச் சோதிக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம்.

குலசேகரம்_தோட்டம்:
ரொம்ப உதவி. கடைசியாக, ராத்திரி கை மரக்கிற அந்த ஆளுக்கு நாளைக்கே என்ன செய்யச் சொல்ல?

தக்கலை_பிசியோ:
மணிக்கட்டு மடங்காமல் நேராக நிறுத்தும் பட்டை, உள்ளே தகடு வைத்தது, மருந்துக் கடையில் கிடைக்கும். ராத்திரி மட்டும் கட்டச் சொல்லுங்க, ஆறு வாரம். பட்டைக்கடியில் ஒரு விரல் நுழையணும். இறுக்கினால் அதுவே நரம்பை நசுக்கும். விரல்கள் முழுசாக மடங்கணும். வெட்டுக்கத்திப் பிடி மெலிசாக இருந்தால் துணி சுற்றிப் பருமனாக்கலாம், பிடிக்க வேண்டிய பலம் குறையும். கத்தியைத் தினமும் தீட்டணும், மழுங்கிய கத்திதான் மணிக்கட்டை அதிகம் இழுக்கும். சர்க்கரையும் தைராய்டும் ஒருமுறை பார்க்கட்டும், இரண்டும் இந்தச் சுரங்கத்தை நெருக்கும். பெருவிரல் அடிச் சதை மற்ற கையைவிட வற்றியிருக்கா என்று இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. வற்றியிருந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், நேரே கை அறுவை டாக்டரிடம் அனுப்புங்க. பெருவிரல் வலிக்கிற மற்ற ஆளுக்குப் பட்டை வேறு, பெருவிரலையும் சேர்த்துத் தாங்குவது. மாற்றிக் கொடுத்துவிடாதீங்க.